கோழி ஊசி போட காலையில பத்து மணிக்கு வராதீங்க சார்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வருஷா வருஷம் பிப்ரவரி பொறந்தா உங்க பேப்பர்ல மாவட்டச் செய்தி பக்கத்துல ஒரு மூலையில வந்துரும், கோழிக்கழிச்சல் நோய்க்கு ரெண்டு வாரம் தடுப்பூசி முகாம், ஊசி இலவசம், கோழி வளர்க்கிறவங்க எல்லாரும் பயன்படுத்திக்கிடுங்கன்னு. பக்கத்துலயே ஒரு போட்டோவும் இருக்கும், யாரோ ஒரு அதிகாரி சேவலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு, டாக்டர் இறக்கையில ஊசி போடுவாரு, சேவலும் ஒண்ணும் சொல்லாம கேமராவைப் பாத்துட்டு இருக்கும். அந்தப் போட்டோவைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம்தான், காலையில பத்து மணிக்கு அந்தச் சேவலை யாரு பிடிச்சுக் குடுத்தாங்க?

கேலிக்குக் கேக்கல. நான் இருக்கிறது கீழ்ப்பழனி மலையில ஒரு காபித் தோட்டத்து ஊரு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி பக்கமெல்லாம் வந்து போனவங்களுக்குத் தெரியும், ஒரு வீடு மேட்டுல இருக்கும் அடுத்த வீடு பள்ளத்துல இருக்கும், நடுவுல பூரா காபி, மிளகுக்கொடி ஏறின மரம், மலைவாழை, ஆரஞ்சு. வேலின்னு ஒண்ணு மனுசனுக்கே சரியா இல்ல, கோழிக்கு எங்க இருக்கும். விடிஞ்சு கூட்டைத் திறந்துவிட்டா ஏழு மணிக்குள்ள அதுபாட்டுக்கு காபிச்செடிக்கு அடியில சருகைக் கிளறிக்கிட்டு எங்கயோ போயிரும், பொழுது சாயும்போதுதான் திரும்பி வரும். இதுல பிப்ரவரி மாசம்னா காபிப்பழம் எடுக்கிறது கடைசிக் கட்டத்துல இருக்கும், மிளகும் சேந்துக்கும், பொம்பளைங்க ஏழரை எட்டு மணிக்கெல்லாம் தூக்குவாளியோட கிளம்பிருவாங்க. அப்ப பத்து மணிக்கு கோயிலு முன்னாடி மேஜையப் போட்டு ஐஸ் பெட்டிய வச்சுக்கிட்டு உக்காந்தா யாரு வருவா, எதப் பிடிச்சுட்டு வருவா? பஞ்சாரத்துல கவுத்து வச்ச அடைகோழி வரும், கால்ல கயிறு கட்டிப்போட்ட சேவல் ரெண்டு வரும், ஓட முடியாத நொண்டிக்கோழி வரும். ஊசி போட வேண்டிய மீதிக் கூட்டம் பூரா தோட்டத்துக்குள்ள நிக்கும். முகாம் நடந்ததுன்னு நோட்டுல மட்டும் எழுதிக்கிடலாம்.

டாக்டருங்களக் குறை சொல்லி இந்த லெட்டர எழுதல. ஒரு மருந்தகத்துக்கு எத்தன ஊரு, அதுல எத்தன ஊருக்கு பஸ்ஸு, எத்தன ஊருக்கு ஜீப்பு, எத்தன ஊருக்கு நடைன்னு எங்களுக்கும் தெரியும். பொழுதடைஞ்சா காட்டுமாடு ரோட்டுல நிக்கும், இங்கிட்டு யானையும் உண்டு, ராத்திரியில வாங்கன்னு சொல்ல எங்களுக்கே மனசு வராது. நான் கேக்கிறது நேரத்த மட்டும்தான், அத எப்படி மாத்தலாம்னு கீழ சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்த ஊசிக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கு நிக்கிறேன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா "மலைக் கோழிக்கு சீக்கே வராது மதினி, நல்ல காத்து, நல்ல தண்ணி"ன்னு சொல்ற ஆளுங்க இன்னமும் ஊருக்கு நாலு பேரு இருக்காங்க.

பேப்பர்ல கோழிக்கழிச்சல்னு வர்றதும் வெள்ளைக்கழிச்சல்னு நாம சொல்றதும் ஒண்ணுதான், டாக்டருங்க அத ராணிக்கெட் நோய்ங்கிறாங்க. அது ஒரு வைரஸ். மொதல்ல கோழி இரை எடுக்காது, இறக்கையத் தொங்கப் போட்டுக்கிட்டு கிறங்கி நிக்கும், வெள்ளையாவும் பச்சையாவும் கழியும், வாயத் திறந்து திறந்து மூச்சு வாங்கும், சிலதுக்கு கழுத்து திருகிக்கிரும், காலு இழுத்துக்கும். ஊசி போடாத நாட்டுக்கோழிக்குள்ள பூந்துச்சுன்னா ஒரு வாரம் பத்து நாள்ல கூடு காலி, தப்பிச்சது ஒண்ணு ரெண்டு இருந்தாலும் கழுத்து கோணிக்கிட்டு சுத்திச் சுத்தி நடக்கும். வந்த பிறகு இதுக்கு மருந்தே கிடையாது. இத எத்தன தடவ சொன்னாலும் எடுபடல. கோழி கிறங்குனதும் மெடிக்கல் கடைக்குப் போயி டெட்ராசைக்ளின் மாத்திரைய வாங்கி உடைச்சு தண்ணியில கலக்கி விடுறாங்க. அது பாக்டீரியாவுக்கு உள்ள மருந்து, வைரஸ ஒண்ணும் பண்ணாது, சாகுற கோழி செத்துரும், பிழைச்ச கோழியோட முட்டையில அந்த மருந்து கலந்து நம்ம பிள்ளைங்க வயித்துக்குப் போகும், அவ்வளவுதான் லாபம். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, வேப்பிலை அரைச்சுக் குடுக்கிற கைவைத்தியத்த நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே மூலிகை வைத்தியம்னு சொல்லிக் குடுக்குது, நானும் குடுக்கிறேன், ஆனா ஊசிக்குப் பதிலா அதக் குடுத்தா போதும்னு நினைக்கிறது வீண்.

குளிர் ஊருன்னா சீக்கு வராதுங்கிறது நேர்மாறான பேச்சு. இந்த மாதிரி வைரசுக்கு வெயிலுதான் எதிரி, குளிரும் ஈரமும் சொந்தக்காரங்க. பறவைக் காய்ச்சல் வைரஸப் பத்தி உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு, கோழி எச்சத்துல 37 டிகிரி சூட்டுல ஒரு 6 நாள் தாங்கும், 4 டிகிரி குளிர்ல குறைஞ்சது 35 நாள் தாங்கும்னு. எங்க ஊரு 4 டிகிரிக்குப் போகாது, மேல மன்னவனூர், பூம்பாறை பக்கம் மார்கழி தை மாசத்துல உறைபனியே விழும். வத்தலக்குண்டுல வெயில்ல காஞ்சு செத்துப்போற கிருமி, மேகம் மூடுன எங்க ஊர்ல எருக்குழியில சாவகாசமா உக்காந்திருக்கும். அதனாலதான் ஒரு தடவ சீக்கு வந்து கோழி பூரா செத்த வீட்டுல அடுத்த வாரமே புதுக்கோழி வாங்கி விடாதீங்கன்னு சொல்றாங்க. கூட்டுல இருக்கிறத எல்லாம் சுரண்டி எரிச்சு, சுண்ணாம்பு அடிச்சு, ஒரு மாசத்துக்குக் குறையாம சும்மா போடணும். யாரு கேக்கிறா, செவ்வாக்கிழமை கோழி செத்தா ஞாயித்துக்கிழமை சந்தையில புதுசு வாங்கியாச்சு.

சீக்கு எப்படி மலை ஏறுதுன்னு யோசிச்சுப் பாத்தா, அது நடந்து வரல, நாமதான் பஸ்ஸுல டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டு வர்றோம். சந்தைக்கு சேவலக் கொண்டுபோவாங்க, ஒட்டன்சத்திரமோ வத்தலக்குண்டோ, அங்க நூறு ஊரு கோழியோட ஒரே கூடையில ஒரே தரையில நாள் முழுக்கக் கிடக்கும், வெலை படியலன்னா சாயங்காலம் அதே சேவலத் திரும்பக் கொண்டுவந்து நேரா கூட்டுக்குள்ள விட்டுருவாங்க. புதுசா வாங்கின கோழியவாவது சில பேரு கொஞ்சம் சந்தேகமாப் பாப்பாங்க, போயிட்டு வந்த சேவல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, ஏன்னா அது நம்ம சேவலு. அதுவும் இப்ப வெளி ஆளுதான். புதுக்கோழியோ, சந்தைக்குப் போயிட்டு வந்ததோ, மாமியா வீட்டுல இருந்து கோயில் கொடைக்கு வந்ததோ எதா இருந்தாலும் மூணு வாரம் தனியாப் போடணும், ஏன்னா கிருமி உள்ள போயி வெளிய தெரியிறதுக்கு சாதாரணமா அஞ்சாறு நாள், சில நேரம் ரெண்டு வாரத்துக்கு மேலயும் ஆகும். தனியான்னா அதே கூட்டுல நடுவுல ஒரு தட்டிய வைக்கிறது இல்ல, வீட்டுக்கு அந்தப் பக்கம், வேற தண்ணிச்சட்டி, வேற தீவனத்தட்டு, மொதல்ல நம்ம கோழிக்குப் போட்டுட்டு கடைசியா அதுக்குப் போடணும்.

இன்னொண்ணு சொல்லணும், இதச் சொன்னா ஊர்ல பாதிப்பேருக்கு எம்மேல கோவம் வரும். கோழி கிறங்க ஆரம்பிச்சதும் நாம மொதல்ல செய்யிறது என்ன? விக்கிறது. வெலையக் கொறைச்சு, இருட்டுற நேரமா, வண்டியில வர்ற கோழி வியாபாரிகிட்ட தள்ளிவிடுறது. இல்லன்னா சொந்தக்காரங்களுக்கு "வச்சு வளத்துக்க தங்கச்சி"ன்னு ரெண்டக் குடுத்து அனுப்புறது. அந்த வியாபாரி அதே கூடையோட அடுத்த ஊருக்குப் போறாரு, அந்த ஊர்லயும் கோழி வாங்குறாரு, அவரு கூடையும் அவரு செருப்பும் அவரு டயரும் எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம் சீக்கும் போகுது. அப்புறம் "எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல, காத்துல வந்துருச்சு போல"ன்னு பேசிக்கிறோம். காத்து மேல பழியப் போடுறது நல்ல வசதி, அது திரும்பச் சண்டைக்கு வராது.

கலர் குஞ்சு விக்கிறவங்களையும் சொல்லிரணும். பச்ச, ரோஸு, மஞ்சள்னு சாயம் முக்கி அட்டைப்பெட்டியில வச்சு டிவிஎஸ் 50-ல கொண்டு வருவாங்க. அது பூரா முட்டைக்கோழி இனத்துல பொரிச்ச சேவல் குஞ்சு, முட்டையும் போடாது கறியும் ஏறாதுன்னு பொரிப்பகத்துல வேண்டாம்னு கழிச்சது. அதுக்கு என்ன மருந்து போட்டாங்க போடலன்னு விக்கிறவருக்கே தெரியாது. பிள்ளைங்க அழுகுதுன்னு பத்து ரூபாக்கு வாங்கிக் குடுக்கிறோம், பிள்ளைங்க அத மடியில வச்சுக் கொஞ்சிட்டு, முத்தம் குடுத்துட்டு, அதே கையோட முறுக்கு திங்கும். கோழி எச்சத்துல இருக்கிற சால்மோனெல்லா கிருமி பிள்ளைங்க வயித்துக்குள்ள போறதுக்கு இதவிட நேர்வழி கிடையாது. கோழியத் தொட்டா சோப்புப் போட்டுக் கைகழுவணும், இது ஒரு வரியில முடியிற விஷயம், நீட்டல.

செத்த கோழிய என்ன செய்யிறோம்? ஓடையில எறியிறோம், இல்ல காபிக்குள்ள தூக்கி வீசுறோம். நாய் இழுத்துட்டுப் போயி இன்னொரு வீட்டு வாசல்ல வச்சுத் திங்கும், மரநாயும் கீரியும் இன்னும் தூரமா இழுத்துட்டுப் போகும். ஓடைத் தண்ணியக் கீழ இருக்கிற ஊரு குடிக்குது. குழி தோண்டி சுண்ணாம்புத்தூள் போட்டுப் புதைக்கணும், மலையில அதையும் மூணு நாலு அடிக்குத் தோண்டணும், இல்லாட்டி ராத்திரியே காட்டுப்பன்னி வந்து கிண்டிரும். தண்ணி ஊத்து இருக்கிற பக்கமும் சரிவுக்கு மேல்பக்கமும் தோண்டக் கூடாது. செத்தத டாக்டர்கிட்ட காட்டணும்னு மஞ்சப்பையில போட்டு பஸ்ஸுல கொண்டுபோறவங்களப் பாத்திருக்கேன், நல்ல எண்ணம்தான், ஆனா வழி நெடுக கிருமிய இறக்கிவிட்டுட்டுப் போறதுதான் நடக்கும், போன் பண்ணிச் சொன்னா போதும். 1962-ன்னு கால்நடைக்கு உள்ள இலவச நம்பர் இருக்கு, மாட்டுக்குத்தான்னு நினைச்சு யாரும் கோழிக்குக் கூப்பிட மாட்டேங்கிறாங்க.

சரி, ஊசி விஷயத்துக்கு வர்றேன். இதுல ரெண்டு மருந்து இருக்கு, ரெண்டும் வேற வேற. குஞ்சு பொரிச்சு ஒரு வாரத்துக்குள்ள கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு விடுறது எஃப் 1, இல்லன்னா லசோட்டா. எட்டு வாரம் தாண்டுன பிறகு இறக்கைக்கு அடியில தோலுக்குள்ள போடுறது கே ஊசி, பிப்ரவரி முகாம்ல போடுறது இதத்தான். ஊசி வந்துருக்கேன்னு கைக்குஞ்சையும் சேத்துக் கொண்டுபோயி போடச் சொல்லி டாக்டர்கிட்ட மல்லுக்கட்டக் கூடாது, சின்னக் குஞ்சுக்கு அந்த ஊசி தாங்காது, அதுவே சீக்க உண்டாக்கிரும். ஏற்கெனவே கிறங்கி நிக்கிற கோழிக்கும் போடக் கூடாது. போட்ட அன்னைக்கே பாதுகாப்பு வந்துராது, ஒரு வாரம் பத்து நாளாவது ஆகும், அதனால பக்கத்து வீட்டுல சாக ஆரம்பிச்ச பிறகு ஓடுறதுல பாதி நேரம் பிரயோசனம் இல்ல. போடுறதுக்கு ஒரு வாரம் முந்தி குடல்புழு மருந்து குடுத்துட்டா ஊசி நல்லாப் பிடிக்கும். கவர்மெண்ட் திட்டத்துல பொம்பளைங்களுக்குக் குடுக்கிற குஞ்சு நாலு வாரக் குஞ்சு, அத வாங்குனவங்க பல பேரு "ஏற்கெனவே மருந்து போட்டுத்தான குடுத்தாங்க"ன்னு விட்டுடுறாங்க, எட்டாவது வாரத்து ஊசி யாருக்கும் ஞாபகம் இருக்கிறது இல்ல, குஞ்சு வாங்குன அன்னைக்கே காலண்டர்ல எழுதி வைக்கலாம்.

இந்த மருந்து ராணிப்பேட்டையில இருக்கிற கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்துல தயாராகி வருது, 1932-ல இருந்து இருக்கிற பழைய நிலையம் அது. உறையவச்சு உலர்த்துன பொடியா சின்னக் குப்பியில வரும், பெரும்பாலும் ஒரு குப்பிக்கு நூறு டோஸு. ரெண்டுல இருந்து எட்டு டிகிரி குளிர்லயே கொண்டுவரணும், உப்புத் தண்ணியில கலக்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், மிச்சத்த நாளைக்கின்னு வைக்க முடியாது. நம்ம ஊருதான் குளிரா இருக்கே ஐஸ் எதுக்குன்னு கேக்காதீங்க, மலைக்குளிரு மருந்துக்குப் பத்தாது, மேகம் இல்லாத நாள்ல வெயிலும் சுள்ளுன்னு அடிக்கும், வெயில் பட்டா மருந்து செத்துரும், செத்த மருந்தப் போட்டா கோழிக்கு வலிதான் மிச்சம். இந்த ரெண்டு மணி நேரக் கணக்க வச்சுப் பாத்தாத்தான் நான் சொல்ல வர்றது முழுசாப் புரியும். குப்பிய உடைச்சு வச்சுக்கிட்டு பத்து மணியில இருந்து பன்னெண்டு மணி வரைக்கும் காத்திருந்தா எட்டு கோழி வருது, மீதி தொண்ணூத்திச் சொச்ச டோஸு தரையில. கோழி கூட்டுக்குள்ள இருக்கிற நேரத்துல வந்தா அரை மணி நேரத்துல நாலு வீடு முடியும், ஒரு குப்பி முழுசாப் பயன்படும்.

கோழி ஒரு நாளைக்கு ரெண்டு நேரத்துல கைக்குச் சிக்கும். சாயங்காலம் அடைஞ்ச பிறகு, காலையில திறந்து விடுறதுக்கு முன்னாடி. இருட்டுல கோழிக்குக் கண்ணு தெரியாது, அடைஞ்ச கோழியத் தூக்குனா கத்தக்கூட கத்தாது, பகல்ல அதே கோழிய நாலு ஆம்பளைங்க துரத்தி காபிக்கிளைய ஒடிச்சதுதான் மிச்சம். சாயங்காலம் யானை பயம் இருக்குதுன்னா காலையில ஆறு மணிக்கு வாங்க. அவ்வளவு சீக்கிரம் மலையேறி வர முடியாதுன்னா முந்தின நாள் சாயங்காலமே வந்து ஊர்ல தங்குங்க, சமுதாயக்கூடம் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, ராத்திரி சாப்பாடு எங்க பொறுப்பு, கோழிக்கொழம்பு கேக்காம இருந்தா சரி. அதுவும் முடியாதுன்னா இதச் செய்யலாம், முந்தின நாள் சாயங்காலம் கோயில் மைக்குல சொல்லிருங்க, "நாளைக்கு ஊசி, கூட்டத் திறக்காதீங்க"ன்னு. இவ்வளவுதான். கூட்டத் திறக்கலன்னா கோழி ஒம்பது மணி வரைக்கும் உள்ளயே கிடக்கும், கொஞ்சம் தீவனமும் தண்ணியும் உள்ளயே வச்சுட்டா போதும், தோட்டத்துக்குப் போறவங்களும் ஒரு பாட்டிகிட்ட பொறுப்பச் சொல்லிட்டுப் போயிருவாங்க. இப்ப நடக்கிறது என்னன்னா தகவல் காலையில எட்டரைக்கு வாட்ஸ்அப் குரூப்ல வருது, டவர் கிடைக்கிற இடத்துல நிக்கிறவங்களுக்கு மட்டும்.

கிழமையும் பாக்கணும். சந்தை நாளன்னைக்கு எங்க ஊருக்கு முகாம் போட்டா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, இது ஊர்ல ஒரு ஆளக் கேட்டாத் தெரிஞ்சுரும்.

அடுத்தது, ஊருக்கு ஒரு பொம்பளைக்கு இந்த ஊசி போடவும் சொட்டு மருந்து விடவும் சொல்லிக் குடுங்க. மகளிர் சுய உதவிக் குழு எல்லா ஊர்லயும் இருக்கு. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, சுத்தமான ஊசி, அரை மில்லி அளவு, எந்த இடத்துல தோலத் தூக்கணும், எந்தக் கோழிக்குப் போடக் கூடாது, இவ்வளவுதான் படிப்பு. பிப்ரவரி ஒரு மாசம் மட்டும் குஞ்சு பொரிக்கிறது இல்லையே, வருஷம் பூரா ஏதாவது ஒரு வீட்டுல அடைகோழி உக்காந்திருக்கு, அந்தக் குஞ்சுக்கு ஒரு வாரத்துக்குள்ள சொட்டு மருந்து விட யாரு மலையேறி வருவா? எங்க தெருவுல நாங்க ஒண்ணு செய்யிறோம், அடைய வைக்கிறத ஒரே சமயத்துல வச்சுக்கிடுறோம், அப்ப நாலஞ்சு வீட்டுக் குஞ்சும் ஒரே வயசா இருக்கும், ஒரு குப்பி வாங்குனா எல்லாத்துக்கும் ஆகும். இத யாரும் திட்டம் போட்டுத் தரல, பொம்பளைங்க களத்துல காபி காயப்போடும்போது பேசி வச்சுக்கிட்டது.

மரத்துல அடையிற கோழிக்கு என்ன செய்யிறதுன்னு கேப்பாங்க, நியாயமான கேள்வி, எங்க பக்கம் பலா மரத்துல அடையிற கூட்டம் நிறைய. அதுக்குத்தான் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் குருணை மாதிரி ஒரு ராணிக்கெட் தடுப்பு மருந்து கண்டுபிடிச்சு வச்சிருக்கு, பிடிக்க வேண்டாம், குத்த வேண்டாம், தீவனம் மாதிரி தின்னுட்டுப் போயிரும். இந்த மலை ஊருங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. எங்க ஊருக் கடையில அது கிடைக்க மாட்டேங்குது. மருந்தகத்துலயே வச்சுக் குடுத்தா காசு குடுத்துக்கூட வாங்கிக்கிறோம்.

பறவைக் காய்ச்சலப் பத்தியும் ரெண்டு வார்த்த. கேரளாவுல 2021 ஜனவரியிலயும் 2024 ஏப்ரல்லயும் ஆலப்புழா பக்கம் தாரா வாத்துங்க செத்தப்ப இங்க தேனி எல்லையில குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுன்னு செக்போஸ்ட் போட்டு வண்டிக்கு மருந்து அடிச்சாங்க, உங்க பேப்பர்லயும் வந்துச்சு. அது வந்ததும் ரெண்டு விதமா ஆளுங்க மாறிருவாங்க, கறி முட்டை எதுவும் தொட மாட்டேன்னு ஒரு கூட்டம், கோழி செத்தா வாயத் திறக்காதன்னு ஒரு கூட்டம். மொதக் கூட்டத்துக்கு, 70 டிகிரிக்கு மேல நல்லா வெந்த கறியிலயும் முட்டையிலயும் அந்தக் கிருமி இருக்காது, அரைவேக்காடும் பச்சை முட்டையும்தான் வேண்டாம், செத்த கோழிய உரிக்கிறதும் வேண்டாம், 2021-ல டெல்லியில ஒரு பையன் எச்5என்1ங்கிற பறவைக் காய்ச்சல்ல இறந்தது நம்ம நாட்டுல மனுசனுக்கு வந்த மொத சாவு. அதனால விளையாட்டு இல்ல. ரெண்டாவது கூட்டத்துக்கு, பறவைக் காய்ச்சல்னு உறுதியானா ஒரு கிலோமீட்டர் சுத்தளவுல கோழியெல்லாம் அழிப்பாங்கங்கிறது நிஜம்தான், ஆனா அழிக்கிற கோழிக்கு நஷ்டஈடு உண்டு, மத்திய அரசு பாதி மாநில அரசு பாதி. ஏற்கெனவே செத்துப்போன கோழிக்குக் கிடையாது. மறைச்சு மறைச்சு கடைசியில எல்லாம் செத்த பிறகு சொன்னா ஒரு பைசா வராது. திடீர்னு ஒரே நாள்ல நாலஞ்சு செத்தா, கொண்டையும் தாடியும் நீலம் பூத்தா, தலை வீங்குனா, கால்ல ரத்தப்புள்ளி தெரிஞ்சா வெள்ளைக்கழிச்சல்னு நாமளே முடிவு பண்ணாம அன்னைக்கே சொல்லணும். ரெண்டையும் கண்ணால பாத்துப் பிரிக்க டாக்டருக்கே முடியாது, லேப்ல பாத்தாத்தான் தெரியும்.

மத்த சீக்குங்களச் சுருக்கமாச் சொல்லிடுறேன். ஐப்பசி கார்த்திகை அடைமழையில குஞ்சுங்க ரத்தமாக் கழியிறது கூட்டுல ஈரம் தங்குறதால வர்றது, உமியோ மரத்தூளோ போட்டு நாளுக்கு ஒருதரம் கிளறிவிட்டு நனைஞ்சத அள்ளி எறிஞ்சா பாதி குறையும், இதுக்கு மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டு வாங்கலாம். மூஞ்சியில கொப்பளம் போடுற அம்மை கொசுவால வர்றது, கூட்டுப் பக்கம் தேங்காத்தொட்டியில தண்ணி நிக்கவிடாதீங்க. மழையில பூசணம் புடிச்ச மக்காச்சோளத்த "கோழிக்குத்தான"ன்னு போடாதீங்க, ஈரல் கெட்டுச் சாகும். பேனுக்கும் செள்ளுக்கும் அடுப்புச் சாம்பல ஒரு மூலையில கொட்டி வச்சா கோழியே பொரண்டு பாத்துக்கும், மழை படாத இடமா இருக்கணும்.

இதுல ஒரு செலவும் பெருசா இல்லங்கிறதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு வளந்த நாட்டுச் சேவல் விக்கிற வெலைக்கு எங்க ஊர்ல ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்து மளிகை வந்துரும், பொம்பளைங்க கையில புருஷனக் கேக்காம பொரளுற காசு அதுதான், பிள்ளைங்க ஸ்கூல் நோட்டும் ஆஸ்பத்திரிக்குப் போற பஸ் காசும் அதுலதான். அரசாங்கம் மருந்தச் செஞ்சு ஐஸுல வச்சு மலைமேல வரைக்கும் கொண்டுவந்து குடுக்குது, கடைசி நூறு அடியில கோழி கைக்குச் சிக்காம அத்தனையும் வீணாப் போகுது.

கால்நடை பராமரிப்புத் துறையில இத யாராவது படிச்சா, அடுத்த பிப்ரவரிக்கு ஊரு வாரியா தேதி போடும்போது தேதிக்குப் பக்கத்துல நேரத்தையும் எழுதுங்க, காலை ஆறுல இருந்து ஒம்பதுன்னு. உங்க பேப்பர்லயும் அந்தச் செய்தியப் போடும்போது "ஊசி போடுற அன்னைக்குக் காலையில கூட்டத் திறக்காதீங்க"ன்னு ஒரு வரி சேத்துப் போட்டுருங்க. முடிஞ்சா ரேஷன் கடை போர்டுலயும் எழுதச் சொல்லுங்க, எங்க பக்கம் எல்லாரும் நின்னு படிக்கிற போர்டு அது ஒண்ணுதான்.

இப்படிக்கு,
கோழி வளர்க்கிற ஒரு வாசகி,
கீழ்ப்பழனி மலை, திண்டுக்கல் மாவட்டம்